துரியான் தந்த மூச்சு

கப்பலில் வந்திறங்கி ஒரு வாரம்கூட ஆகாத புதுப்பெண் நான். விருந்துக்காகப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிள்ளான் ஊருக்கு வாடகைக் காரில் போனோம். டிரைவர் பக்கத்தில் கணவர். பின்னால் நானும் நாத்தனாரும். சன்னல் கண்ணாடி இல்லாத வண்டி என்பதால், மழைக்காகக் கித்தான் திரைகளை இறுக்கிப் பொத்தான் போட்டிருந்தோம். காலடியில் நாத்தனார் ஆசையாக வாங்கிய, வாடை தூக்கும் துரியான் பழம்.

பாதி வழியில் எனக்குத் தலை வலித்தது, வயிற்றைப் புரட்டியது. துரியான் நாற்றந்தான் என்று நினைத்தேன். புகுந்த வீட்டாரிடம் முதல் பேச்சே குறையாக இருக்கலாமா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை.

“அக்கா, நாத்தம் தாங்கல. கொஞ்சம் தெறந்து விடுங்க.”

தூங்குகிறார் என்று நான் நினைத்த நாத்தனார், உலுக்கியும் கண் திறக்கவில்லை. பயந்துபோய்த் திரையைப் பிய்த்து இழுத்தேன். மழைச்சாரல் முகத்தில் அடித்த பிறகுதான் முனகினார்.

டிரைவர் வண்டியை நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்தார். “பொகக்குழா ஒடைஞ்சிருக்கு லா. எஞ்சின் பொக பூரா பின் சீட்டுக்குள்ள ஏறியிருக்கு. மூடியே வந்திருந்தா எந்திரிச்சிருக்க மாட்டீங்க.”

“எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னா மூக்கு” என்று நாத்தனார் கிள்ளான் முழுக்க மெச்சினார். என் மூக்கில் ஏறியது துரியான் மட்டும்தான் என்பதை நான் சொல்லவில்லை.

இப்போது துரியான் எனக்கும் பிடிக்கும். ஆனால் எந்த மழையிலும் காரில் என் பக்கத்துத் திரை கொஞ்சம் திறந்தே இருக்கும். சேலை நனைந்தால் காய வைத்துக்கொள்ளலாம்.