கஞ்சியில் அச்சடித்த வானம்

இன்று காலை புழுங்கலரிசிக் கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் மூக்கைச் சுருக்கி, "அம்மா, திஸ் ஸ்மெல்ஸ் லைக் யுவர் ஆர்ட்" என்றாள். சிரித்துவிட்டேன். வாஸ்தவம்தான், என்னுடைய முதல் வானத்தை இந்தக் கஞ்சியில்தான் அச்சடித்தேன்.

கல்யாணமாகி அமெரிக்காவில், கலிஃபோர்னியாவிலிருக்கும் டப்ளினுக்கு வந்த புதிதில் எனக்கு டிபெண்டெண்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது. கோயம்புத்தூரில் ஆறு பேரை அதட்டி வேலை வாங்கியவள், பத்து மணிக்கே சமையலை முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு லீஸ், கார், பேங்க் எல்லாம் என் கணவர் சேகர் பேரில். அப்போதுதான் பக்கத்துத் தெருவில் மரப்பலகை அச்சுப் பட்டறை ஒன்று கண்ணில் பட்டது. ஜப்பானிய முறை. நிறத்துக்கு ஒரு பலகை செதுக்க வேண்டும். சாயத்தோடு அரிசிப் பசையைக் கலந்து தடவி, ஈரக் காகிதத்தை வைத்துக் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டும். மெஷின் கிடையாது.

பட்டறையை நடத்திய லிண்டா ஒரு விதி வைத்திருந்தாள். ஒரே படத்தை அச்சு மாறாமல் பதினைந்து பிரதி கொடுத்தால் உறுப்பினர். உறுப்பினருக்குப் பட்டறையின் சாவி, பேர் எழுதிய அட்டையோடு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் படத்தைவிடச் சாவிதான் வேண்டியிருந்தது.

ஃப்ரீவேயிலிருந்து தெரியும் காய்ந்த மலைகளைச் செதுக்கினேன். மூன்று மாதம், கட்டைவிரலில் இரண்டு வெட்டு. இருபது காகிதங்களில் கோடும் மலையும் விழுந்துவிட்டன. பாக்கி வானம்தான். ஈரக் காகிதக் கட்டு பூஞ்சை பிடிக்காமலிருக்க ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருந்தது. லிண்டாவிடம் கொடுக்க வேண்டியதற்கு முதல் நாள் பசை டப்பாவைத் திறந்தால், பூஞ்சை அதற்குள் இருக்கிறது!

எந்தத் தமிழச்சியும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குக்கரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பானையில் சாதம் வடித்தேன்.

"கஞ்சியா? பேஸ்ட் ஆர்டர் பண்ணிருக்கலாம்ல?" என்றார் சேகர்.

"நாளைக்கு சப்மிட் பண்ணணும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

பச்சரிசி மாவில் காய்ச்சியிருந்தால் பசை. புழுங்கலரிசிக் கஞ்சி வெறும் தண்ணீர். நீல வானம் முழுக்க எள்ளைக் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாக விழுந்தது. அழுத்தித் தேய்த்தேன், சாயத்தைக் கூட்டினேன், குறைத்தேன். நாலு காகிதம் போச்சு. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முதல் காகிதம் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தது. அட! ஆகஸ்ட் மாதம் மலைக்கு மேல் நிற்கும் புழுதி வெயில் அப்படியே இருந்தது. வழவழப்பான வானத்தை இந்த ஊரில் ஆகஸ்டில் யார் பார்த்தார்கள்? மிச்சமிருந்த பதினாறையும் அதே மாதிரி அடிக்கலாமென்று எழுந்தேன்.

"ஒண்ணு பண்ணா தப்பு, பதினாறு பண்ணா ஆர்ட்டா?" என்றார் சேகர்.

"ஆமா. கஞ்சி ஆறுது, தள்ளுங்க."

தெரியாமல் வந்த புள்ளியைத் தெரிந்தே வரவழைப்பது லேசில்லை. கஞ்சி அதே சூட்டில், அதே அளவில், கை அதே பாரத்தில் இருக்க வேண்டும். ஒன்று கெட்டது. பதினைந்து தேறியது.

லிண்டா பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். "இது வேணும்னே பண்ணதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பதினஞ்சும்" என்றேன், கண் இமைக்காமல். மறுவாரம் சாவியைக் கொடுத்தாள். அன்று பட்டறையை நானே பூட்டி, திறந்து, மறுபடி பூட்டினேன்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது, கார் இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தில் என் பேரும் இருக்கிறது. பட்டறைதான் இல்லை. வாடகை ஏறி மூடிவிட்டார்கள். அங்கே நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள், பூட்டையும் மாற்றிவிட்டார்கள். மூடிய அன்று உறுப்பினர்கள் எல்லோரும் சாவியை லிண்டாவின் டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள். என்னுடையது தொலைந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.