வலிக்காத கதவு

மிளகாய் மில்லுக்குள் தும்மாமல் நிற்கத் தெரிந்த அதிகாரி ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அவரை எங்கே கண்டாலும் என் கை தானாகக் கும்பிட எழுந்துவிடுகிறது.

மட்டாஞ்சேரியில் மாமனாரின் மிளகாய்ப்பொடி மில்லைக் கவனித்துக்கொள்ள நான் தேனியிலிருந்து வந்த புதிது. மலையாளம் படிக்கச் சொன்னாள் மனைவி. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி.

“அதுல படிக்க என்ன இருக்கு? நம்ம தமிழை மூக்கடைச்சுப் பேசினா மலையாளம்” என்றேன். மிளகாய் நெடியில் எனக்கு எந்நேரமும் மூக்கு அடைத்தே இருந்ததால், தகுதி முழுதாக வந்துவிட்டது என்று நம்பினேன்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் முன் மாநகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் அம்மா வந்தார். அரைக்கும் அறைக்கு இரண்டே வழி. முன்வாசலை ஒட்டி மோட்டார். பின்னால் சந்துக்குத் திறக்கும் கதவு. மோட்டார் பற்றிக்கொண்டால் பின்கதவுதான் கதி. பாக்கெட் போடும் சேச்சிகளும் என் மனைவியும் நாள் முழுக்க இருப்பது அந்த அறையில்தான். அன்று பார்த்து அவள் எர்ணாகுளம் போயிருந்தாள்.

ஆய்வாளர் பின்கதவை இழுத்தார். அது அலறியது.

“ஈ வாதில் வலிக்காதெ தள்ளித் துறக்கணம். இனி வரும்போள் ஞான் நோக்கும்.”

வாதில் என்றால் கதவு. அவ்வளவு எனக்குத் தெரியும். ‘வலிக்காதெ’ என்ற சொல்லில்தான் உருகிப்போனேன். கதவுக்கு வலிக்காமல் திறக்க வேண்டுமாம்! அரசாங்கத்தில் இப்படியும் ஒரு மனசா? அன்றைக்கே கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது, ஒற்றை விரலால் கைப்பிடியை இழுத்துக் காட்டினேன். கதவு சத்தமில்லாமல் உள்பக்கம் வந்தது.

“ஒட்டும் வலிக்கில்ல மேடம்!” துளிக்கூட வலிக்காது என்பதற்கு எனக்குத் தெரிந்த மலையாளம் அது.

“இப்போழும் வலிக்கயல்லே?” என்றார் அவர்.

“சத்தியமா இல்ல மேடம். எண்ணெ போட்டிருக்கேன்.”

பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் என் மனைவி. “ஐயோ, இங்க வலிக்கிறதுன்னா இழுக்கிறது! உள்ள இழுக்காம, வெளிய தள்ளித் திறக்கிற கதவு வேணும்னு சொல்றாங்க. நீங்க என்னடான்னா அதுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி வச்சிருக்கீங்க.” பிறகு அவருக்கும் மலையாளத்தில் விளக்கினாள். சேச்சிகள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கதவருகே நிற்க வைத்தார். தீப்பிடித்த மாதிரி எல்லோரும் பின்னாலிருந்து நெருக்கி வரவேண்டும் என்றார். சம்பளத்தோடு முதலாளியை நசுக்கும் வாய்ப்பு, விடுவார்களா? என் மூக்கு பலகையில் அப்பியது, கைப்பிடி வயிற்றில் இறங்கியது. இழுத்தேன். கதவு அசைய இடமில்லை. அதற்குப் பூட்டாக நாங்களே நின்றோம். என் முதுகோடு ஒட்டியிருந்த மனைவியின் உடம்பு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது.

ஆய்வாளர் குனிந்து, நல்ல தமிழில் கேட்டார்: “இப்போ வலிக்குதா?”

“வலிக்குது மேடம்.”

அன்றே மில்லை மூடியிருக்கலாம். தச்சரைக் கூப்பிட அவகாசம் தந்தார். கதவு வெளியே திறக்கும்படி மாற்றியபின், தானே வந்து தோளால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மோட்டார் புகைந்தது. மிளகாயும் சேர்ந்து கருகியதில் கண் திறக்க முடியவில்லை. முதல் ஆளாகக் கதவுக்கு ஓடியது வீரனாகிய நான்தான். ஓடி என்ன செய்தேன்? பழைய பழக்கத்தில் இழுத்தேன்.

“தள்ளு சாரே, தள்ளு!” என்று கத்திய மூத்த சேச்சி, நான் தள்ளும்வரை காத்திருக்கவில்லை. என்னையும் கதவையும் சேர்த்தே தள்ளினார். நான் சந்தில் குப்புற விழுந்தேன். என்னைத் தாண்டியும், இரண்டொருவர் மிதித்தும், எல்லோரும் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த மனைவி இருமிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள் என்று பார்த்துக்கொண்ட பிறகு என்னைக் கவனித்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல, தள்ளினாங்க” என்றேன்.

முட்டி மட்டும் தமிழில் வலித்தது.