அடியில் கீறல் படாத வண்டி

சித்தப்பா வீட்டுக்கு யாராவது விருந்தாளியாகப் போனால் காப்பி வருவதற்கு முன்னால் பாய் வரும். உட்காருவதற்கு அல்ல. போர்டிகோவில் நிற்கும் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை விரித்து, மல்லாந்து படுத்து, தலையை வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்க்க வேண்டும். சித்தப்பா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு கைபேசி விளக்கை அடித்துக் காட்டுவார். எஞ்சினுக்குக் கீழே ஒரு தகடு, கியர் பெட்டிக்குக் கீழே ஒரு தகடு, டீசல் டேங்குக்குக் கீழே ஒரு தகடு. மூன்றிலும் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு கறுப்புப் பளபளப்பு. பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஓர் உறவுக்காரர், நல்ல தொந்திக்காரர், வெள்ளை வேட்டியோடு அப்படிப் படுத்து எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுந்தவர் முதுகைத் தட்டிக்கொண்டே, நல்லா இருக்கு என்றார். பாவம், வேறு என்ன சொல்வார்?

சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, காடுமேடெல்லாம் ஏறும், நாலு சக்கரமும் இழுக்கும் என்று விளம்பரத்தில் வருகிற வண்டியை வாங்கினார். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் முன்னோர்களைக் காட்டினார். அவர்கள் முத்துக் குளித்தவர்களாம், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து ஆழத்துக்குப் போனவர்களாம், அந்த ரத்தம் சும்மா இருக்க விடாதாம். வண்டியின் பின்கண்ணாடியில் தலைகீழாகக் கடலுக்குள் பாய்கிற மனிதனின் படம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். எனக்குத் தெரிந்து சித்தப்பா கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை. அம்மா மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். சோறு போட்டு, சட்டை துவைத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, அம்மாதான் அவரை ஆளாக்கினாள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் தேய்ந்துவிடும் என்று கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பாராம். அம்மா இதைச் செல்லமாகத்தான் சொல்லுவாள். எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வரும்.

தகடு மாட்டிய அன்று நானும் கூட இருந்தேன். பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளில் எழுத்து பொடியாக இருந்ததால், வாசித்துச் சொல்ல என்னை அழைத்துப் போயிருந்தார். மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு பட்டறை. வண்டியை மேலே தூக்கி, கம்பெனிக்காரன் போட்டிருந்த மெல்லிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார் மெக்கானிக். முன்தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டுக்குக் கீழே வர வேண்டும், அப்போதுதான் பாறையில் ஏறும்போது எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்று தாளில் இருந்தது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதிவரை திருகி, துளைகள் நேராக வந்தபிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும் என்றும் இருந்தது. நான் வாசிக்க வாசிக்க அவர் செய்தார். நடுத்தகட்டை முறுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. சித்தப்பா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் ஒன்றும் புரியாமல், “அடி வாங்கதுக்குன்னே செஞ்ச சாமான் அண்ணாச்சி” என்றார். சித்தப்பா அந்தத் தகட்டைக் கழற்றவைத்து மறுபடி பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. பெயிண்டுக்குக் காப்பாக, கைபேசித் திரைக்கு ஒட்டுகிறமாதிரி ஒரு கண்ணாடித் தாளை மூன்று தகட்டிலும் ஒட்டவைத்தார். வண்டிக்குக் காப்பாகத் தகடு, தகட்டுக்குக் காப்பாகத் தாள். தாளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். நான் கிண்டல் செய்கிறேன் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, கொஞ்ச நேரம் யோசித்தார்.

அந்த ஞாயிறு வண்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கச் சொன்னார். பங்குச் சாமியார் வண்டியின் முன்பக்கம் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பினார். சித்தப்பா விடவில்லை. அடியிலும் கொஞ்சம் தெளிக்க வேண்டும் என்று கேட்டு, வயதான மனுஷனை அங்கியோடு குனியவைத்தார். சாமியார் அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, தீர்த்தத் துளிகள் கறையாக நின்றுவிடும் என்று துடைத்தார்.

ஊர் சுற்றக் கூட்டிப்போகிறேன் என்று இரண்டு தடவை எங்களை ஏற்றிக்கொண்டு போனார். முதல் தடவை செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்கு. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தகடு கல்லுக்குத்தான், மணலுக்கு இல்லை என்றார். நாங்கள் இறங்கிக் கொதிக்கிற மணலில் நடந்தோம். அவர் ஏசியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை காயல்பட்டினம் தாண்டி, கல் நிறைந்த ஒரு கடற்கரைக்கு. அங்கே கல்லெல்லாம் கூராக இருக்கிறது, தாள் கிழிந்துவிடும் என்று திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் தகட்டின் கனத்தைப் பற்றியே பேச்சு. ரோட்டில் வேகத்தடை வந்தபோதெல்லாம் மாடு படுத்திருக்கிற இடத்தைக் கடப்பதுபோல ஓரங்கட்டி, ஊர்ந்து, பெருமூச்சு விட்டுத்தான் தாண்டினார். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த மனுஷனால் யாருக்கும் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கொண்டுபோய் வந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் வெள்ளம் வந்தது. விடாமல் பெய்த மழையில் குளமெல்லாம் உடைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆட்டோ இல்லை, ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டால் லைன் போகவில்லை. ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. இரண்டாவதும் தவறப்போகிறது என்று தெரிந்த காலையில் அம்மா முகமும் காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாள் தாங்கமாட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது. தெருவில் தண்ணீர் என் முட்டளவுக்குத்தான் இருந்தது. சாதாரணக் காருக்கு அது முடியாத காரியம். சித்தப்பாவின் வண்டி செய்யப்பட்டதே அதற்காகத்தான். இதைவிட ஆழமான ஓடையை அது சிரித்துக்கொண்டே கடக்கிற வீடியோவை அவரே எனக்கு அனுப்பியிருக்கிறார்.

தண்ணீரில் நடந்து அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். போர்டிகோவில் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு சக்கரமும் அந்தரத்தில் நிற்கிறமாதிரி வண்டியை வைத்திருந்தார். மேலே தார்ப்பாய். சித்தப்பா மாடிப் படியில் நின்று நான் சொல்வதைக் கேட்டார். சித்தி அவருக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் நிலைமையை ஒன்று விடாமல் சொன்னேன். வண்டியை இறக்க நானே ஆள் பிடித்து வருகிறேன் என்றேன். அவர் தெருத் தண்ணீரை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஏளா, தண்ணிக்குள்ள என்ன கல்லு கிடக்குன்னு யாரு கண்டா? தகட்டுல இடிச்சிட்டுன்னா?”

கல்லில் இடிபடுவதற்காகவே வாங்கிய தகடு கல்லில் இடித்துவிடுமாம். கெஞ்சினேன். அந்த வாசலில் நின்று கெஞ்சினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆம்புலன்சுக்கு இன்னொரு தடவை போட்டுப் பார் என்றார். ஈரத்தோடு நிற்காதே, சளி பிடிக்கும் என்றும் சொன்னார். ஒரு மனுஷன் கெட்டவனாக இருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டவாவது தோதாக இருக்கும். இவரிடம் கெட்டதனமும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

அன்று மதியம் கடற்கரையிலிருந்து மீனவர்கள் மினி லாரிகளில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு வந்து தெருக்களில் இறக்கினார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஒரு பைபர் வள்ளத்தில் வைத்தார்கள். இரண்டு பேர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் தள்ள, நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சித்தப்பா வீட்டுக்கு நேரே ஒரு வேகத்தடை உண்டு. அதன்மேல் ஏறும்போது வள்ளத்தின் அடி கரகரவென்று நீளமாக உரசியது. எனக்குப் பல் கூசியது. வள்ளம் அவர்கள் பிழைப்பு, அடி பிளந்தால் கடலுக்குப் போக முடியாது. பின்னால் தள்ளியவரைத் திரும்பிப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல, இழுலே” என்று அவர் முன்னால் நின்றவனிடம் சொன்னார், அவ்வளவுதான். மாடியிலிருந்து சித்தப்பா கைபேசியில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அதை ஸ்டேட்டஸில் போட்டு, எங்கள் மதினியை வீரர்கள் மீட்ட காட்சி என்று எழுதி, கைகூப்புகிற படம் இரண்டும் போட்டிருந்தார்.

அம்மா பிழைத்துவிட்டாள். இன்னும் நேரம் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். தண்ணீர் வடிந்து, ரோடு காய்ந்து, குப்பையெல்லாம் அள்ளிய பிறகு சித்தப்பா வண்டியை இறக்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். அம்மா அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அம்மாவிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன், இன்றுவரை பேசவில்லை. அவளுக்கு அவர் இன்னும் காய்ச்சலில் படுத்திருக்கிற பையன்தான்.

போன மாதம் அவர் வண்டியை விற்பதாக முடிவு செய்தார். ஏறி இறங்க முட்டி வலிக்கிறதாம். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, வண்டி தண்ணீரில் நின்றதா என்பதுதான். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். தசராவுக்குப் பந்தலும் விளக்கும் போடுகிறவர், விவரமான ஆள். கதவைத் திறந்து மிதியடியை மோந்து பார்த்தார். பாயை மறுத்துவிட்டு வெறுந்தரையில் படுத்து அடியைப் பார்த்தார். எழுந்து, தகடு இத்தனை புதிதாக இருக்கிறதே, வெள்ளத்தில் துருப்பிடித்ததைக் கழற்றிவிட்டு இப்போது மாற்றி மாட்டியதா என்று கேட்டார். சித்தப்பா மாதா மேல் சத்தியம் செய்தார். அவர் நம்பவில்லை. விலையைச் சரிபாதியாகக் குறைத்துக் கேட்டார். சித்தப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பி அந்த வழியாக வந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க அண்ணன் மக. பொய் சொல்ல மாட்டா. கேளுங்க. ஏளா, வெள்ளத்துல நான் வண்டிய இறக்குனேனா? நீயே சொல்லு.”

எத்தனை நாளாக உள்ளே கிடந்ததோ, தெருவே கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “இறக்கல அண்ணாச்சி. எங்க அம்மா மூச்சு முட்டிக் கிடந்தா. முட்டளவு தண்ணியில இங்கன நின்னு இவருகிட்ட கெஞ்சினேன். அப்பவும் இறக்கல. மீன் பிடிக்கிற வள்ளத்துலதான் அம்மாவைக் கொண்டு போனோம். இவரு மாடியில நின்னு படம் பிடிச்சாரு.” எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வந்தவர் சித்தப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்த மனுஷன் தலையைத் தொங்கப்போடுவார், போர்டிகோவை விட்டு உள்ளே போய்விடுவார், அதை நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நானும் நகராமல் நின்றேன்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வண்டியின் பானட்டில் ஓங்கித் தட்டினார்.

“கேட்டீங்களா அண்ணாச்சி? சொந்த மதினிக்கே இறக்கல.”