ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் கேட்டவை

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரை ஊருக்குத் தெரியும். அதைக் கூப்பிடும் போனும் மேப்பும் கம்ப்யூட்டரும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறவனை, அவை நின்றால்தான் தெரியும். கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு ஆம்புலன்ஸ் சேவையில் எனக்கு அந்த வேலை. கம்ப்யூட்டரோடு மாரடிக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

சந்து

பஜார் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மேப் காட்டிய வழியில் வண்டி போனது. பாதியில் சந்து குறுகி, இருபக்கமும் குடோன் சுவர். டிரைவர் ஜோஸ் சேட்டனும் நர்ஸும் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். மிளகு மூட்டைகளுக்கு நடுவிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

மறுநாள் மேப்பைத் திருத்த ஜோஸ் சேட்டனோடு சந்து சந்தாக நடந்தேன். அவர் தன் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சாரே, மேப்புக்கு எல்லா சந்தும் ரோடுதான். அது ஸ்ட்ரெச்சர் தூக்கலியே."

தமிழ்

மத்தியானம். அழைப்பு எடுக்கும் பிந்து சேச்சி கத்தினார்: "நசீரே, ஓடி வா! தமிழ்!" ஹெட்செட்டை வாங்கி மாட்டினேன். கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண். புருஷன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். பள்ளுருத்தி என்பதைத் தவிர எந்த இடமென்று அவளுக்குத் தெரியவில்லை. போன் இருக்கும் இடமென்று திரை காட்டியதோ பள்ளுருத்தியில் பாதியை மூடும் ஒரு வட்டம்.

"போர்டு ஏதாச்சும் இருக்காக்கா?"

"எல்லாம் மலையாளம்ணே, படிக்கத் தெரியல."

"ரோட்டுக்கு ஓடுங்க. வர்ற ஆட்டோவை நிறுத்தி, டிரைவர்கிட்ட போனைக் கொடுங்க. வண்டி கிளம்பிடுச்சு, வந்துட்டே இருக்கு."

ஆட்டோக்காரர் இடம் சொன்னார். வண்டி போய் ஏற்றியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் புருஷன் இறந்துபோனார்.

சில வாரம் கழித்து அந்தப் பெண் ஊரிலிருந்து கூப்பிட்டு, தமிழ் பேசின அண்ணன் வேண்டுமென்றாள். எதைக் கேட்கப்போகிறாளோ என்று பயந்துகொண்டுதான் எடுத்தேன். "வண்டி வந்துட்டே இருக்குன்னு நீங்க சொன்னதை அவரு காதுகிட்ட போயி சொன்னேண்ணே. தலைய ஆட்டுனாரு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

குரல்

எங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் பதிவாகும். கொஞ்ச காலத்தில் தானாகவே அழிந்துவிடும். இதை யாரோ சொல்லக் கேட்டு, பஜாரில் அரிசிக்கடை வைத்திருக்கும் ஒரு ராவுத்தர் என்னைத் தேடி வந்தார். நெஞ்சுவலி வந்தபோது அவர் மனைவி தனியாக இருந்து, தானே எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். வண்டி போவதற்குள் முடிந்துவிட்டது.

"அவ குரலு ஒரு தடவ கேக்கணும், தம்பி."

பதிவை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அழியாமல் பூட்டி வைத்துவிட்டு மேலிடத்தில் கேட்டேன். இழுத்தடித்து, அலுவலகத்திலேயே ஒருமுறை கேட்க அனுமதித்தார்கள். அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன்.

அந்த அம்மா நிதானமாக விலாசம் சொல்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று பிந்து சேச்சி கேட்கிறார். "அவரு கடையில. கூப்பிட வேண்டா, கூட்டமா இருக்கும்."

அவ்வளவுதான் பதிவு. பெரியவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. சாயா ஆறி ஆடை கட்டியது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்குக் கடையில ஒரு ஆளும் இல்ல, தம்பி."

மாதக் கடைசியில் 'எல்லா இயந்திரங்களும் நன்றாக இயங்குகின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், அது பொய்யில்லை என்பதுதான் சங்கடம்.