என் தகப்பனார் குடித்ததே இல்லை

இதை எழுதுவதற்கென்று நோட்டு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. முதல் பக்கத்தில் 'சாமியே சரணம்' என்று எழுதியதோடு சரி. பேனாவை எடுத்தாலே கெட்டுப்போன எதையோ மென்ற மாதிரி வாய் கசக்கும், மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரைக்கும் ஓரளவு ஒழுங்காகவும், அதற்கு மேல் ஐடிஐயில் ஏனோதானோ என்றும் படித்தவன் நான். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் அடிக்கு அடி சத்தம் ஒத்துப்போகிற எழுத்துதான். அந்த எழுத்தால்தான் இந்தப் பாவம் நடந்தது.

நான் ராப் பாடிக்கொண்டிருந்தவன். இப்போது பெயிண்ட் கடையில் வேலை, மனைவி, ஒரு பெண் குழந்தை, சனிக்கிழமை தவறாமல் கோயில். அப்போது நாங்கள் நாலு பேர், எல்லோரும் திருக்கோகர்ணத்துக்காரர்கள். மொபைல் கடைக்கு மேலே ஓர் அறையில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, அதை ஸ்டுடியோ என்றோம். அட்டைகளில் உடைந்த முட்டை காய்ந்து கிடக்கும். பீட் போடுகிற சினேகிதன்தான் குழுவுக்குத் தலைவன் மாதிரி. வெயில், தூசி, வேலையில்லாமை என்று ஏழெட்டுப் பாட்டுப் போட்டோம். எங்கள் சொந்தக்காரர்கள்கூட முழுசாகக் கேட்கவில்லை.

ஒருநாள் அவன் சொன்னான்: "நம்ம பாட்டுல வலி இல்லடா. ராப்புன்னா சொந்தக் கதை வேணும். ஒனக்கு என்ன கதை இருக்கு?"

"எங்கப்பா டவுன் பஸ் கண்டக்டர்."

"அப்புறம்?"

"வருசா வருசம் மாலை போட்டு மலைக்குப் போவாரு."

"வெளங்கிரும். இத வச்சு என்னத்தப் பாடுறது? சில்லறை இல்லைன்னா எறங்குன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். 'தெருவெளக்குல நான் படிச்சேன்' என்று ஓர் அடி கையில் வைத்திருந்தேன். அதுவே பொய். எங்கள் வீட்டில் டியூப் லைட் இருந்தது. படிச்சேனுக்கு ஒத்துப்போகிற சொல்லைத் தேடினோம். 'அடிச்சான்' என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான். 'குடிச்சான்' என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். அதையும் வேறு யாரோ சொன்ன மாதிரி வெகுநாள் மனசுக்குள் மாற்றி வைத்திருந்தேன்.

'அப்பன் குடிச்சான், ஆத்தாள அடிச்சான், தெருவெளக்குல நான் படிச்சேன்.' அவ்வளவுதான் பல்லவி. என் முகத்தை வைத்து வீடியோ போட்டோம். ஒரு வாரத்தில் ஆட்டோக்களில் ஓடியது, கல்லூரிப் பிள்ளைகள் ரீல்ஸ் செய்தார்கள். திருச்சி, கோயம்புத்தூர், சென்னை என்று மேடைகள் வந்தன. மேடையில் நான் "எங்கப்பன்" என்று மைக்கை நீட்டுவேன், கூட்டம் "குடிச்சான்" என்று கத்தும். ஆயிரம் பேர் என் தகப்பனாரைக் குடிகாரன் என்று கத்துவதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒரு சேனலில் பேட்டி எடுத்த பெண் கேட்டது: "அப்பா இப்ப குடியை விட்டுட்டாரா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அழுதேன். கண்ணீர் நடிப்பில்லை, நிஜமாகவே வந்தது. அந்தப் பேட்டியை இப்போது யாராவது போட்டால் போனைப் பிடுங்கி அணைத்துவிடுவேன்.

அப்பாவுக்கு வல்லத்திராக்கோட்டை போகிற தனியார் பஸ்ஸில் டூட்டி. பாட்டை முதலில் பஸ்ஸில் ஒரு பையனுடைய போனில்தான் கேட்டாராம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பாட்டுல வர்ற அப்பன் யாரு?"

"சும்மா கற்பனைப்பா."

"சரி. கற்பனைன்னு அதுல எங்கயாச்சும் வருதா?"

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் வழக்கம்போல் மாலை போட்டார். பதினெட்டாவது வருஷமோ என்னவோ. எங்கள் பக்கம் குடிக்கிற ஆட்கள் நாற்பத்தெட்டு நாள் நிறுத்துவதற்காக மாலை போடுவது உண்டு. மாலையைக் கழற்றிய மறுநாளே பழையபடி கடை வாசலில் நிற்பார்கள். என் பாட்டுக்குப் பிறகு அப்பாவின் மாலைக்கும் அதுதான் அர்த்தம் ஆகிவிட்டது. குழாயடியில் அம்மாவிடம் ஒருத்தி, "மாலை போட்டுருக்காக, இப்ப கை நீட்டுறதில்லையில்ல?" என்று ரொம்பப் பரிவாகக் கேட்டாளாம். அம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டது.

மேடைகளுக்கு நடுவே ஊருக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் கம்பெனி மேனேஜர் அப்பாவைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்திருந்தார். யாரோ பயணி, கண்டக்டர் மேல் வாடை அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அப்பா செரிமானத்துக்கு நாட்டு மருந்துக் கடை அரிஷ்டம் ஒரு மூடி குடிப்பார். புளிக்க வைத்த மருந்து, அந்த வாடை.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். மாலை போட்டவரை மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவ ஊதுங்க சாமி."

"அது அரிஷ்டம்ங்க."

"இருக்கட்டுங்க. ஊதிருங்க, முடிஞ்சுபோகும்."

பின்னால் ஜன்னல் ஓரத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "விசில வாய்ல வச்சு ஊதுங்க, ரெண்டு வேலையும் ஆயிரும்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. வெறுங்காலோடு, கறுப்பு வேட்டியில், நெற்றியில் சந்தனத்தோடு, என் தகப்பனார் இன்னொரு ஆம்பளையின் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். மேனேஜர் மோந்து பார்த்தார். அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. "அண்ணே, நீங்கதானே? ஒரு செல்ஃபிண்ணே." எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக் கேரியர் கையில் இருக்க, சிரித்தபடி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் நடந்ததைச் சொல்லி, பாட்டு பொய் என்று ஒரு வீடியோ போட்டுவிடலாம் என்றேன். பீட் போடுகிறவன் கண் மின்னியது.

"இதையே அடுத்த பாட்டா பண்ணிருவோம்டா. 'ஊதுங்க சாமி', எல்லாரும் திருப்பித் திருப்பிப் பாடுவானுக, என்னா ஹூக்குடா அது."

அன்றைக்குத்தான் அந்த முட்டை அட்டை நாற்றம் எனக்குத் தாங்கவில்லை. வாசலில் போய் வாந்தி எடுத்தேன்.

சரி, மேடையிலேயே சொல்லிவிடுவோம் என்று திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் பீட்டை நிறுத்தச் சொன்னேன். "எங்கப்பன்" என்று ஆரம்பித்தேன். குடித்ததே இல்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் மண்டபம் மொத்தமும் "குடிச்சான்" என்று கத்தியது. மறுபடி சொன்னேன், மறுபடி கத்தினார்கள். மூன்றாம் முறை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குக் கைதட்டினார்கள். அதோடு இறங்கியவன்தான், பிறகு மைக்கைத் தொடவில்லை. குழு வேறு ஒருவனை வைத்து அதே பாட்டைப் பாடியது.

அப்பா மலைக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் மாலையைக் கழற்றவில்லை. மலைக்குக் கூட்டிப்போன குருசாமி கண்டித்தார், அம்மா கெஞ்சியது.

"கழட்டுனா மறுநாளே ஆரம்பிச்சுட்டான்னு பேசுவாக. கெடக்கட்டும், எனக்கு என்ன பாரம்" என்றார்.

அன்றிலிருந்து தரையில் பாய், வெறுங்கால், ஒரு வேளைச் சாப்பாடு. சித்திரை வெயிலில் பஸ் படிக்கட்டின் இரும்பு காலைச் சுடும், அப்போதும் செருப்பில்லை. அரிஷ்டத்தையும் விட்டுவிட்டார். வயிற்று வலியைச் சொல்வதில்லை. பக்திக்காக இருந்த விரதத்தை நான் தண்டனையாக்கிவிட்டேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் அப்படியேதான் இருக்கிறார். என் கல்யாணத்திலும் மாலையோடுதான் நின்றார். பந்தியில் யாரோ, "இவரு விட்டா ஒரேயடியா விட்டுருவாரு போல" என்று பாராட்டினார்கள்.

போன மாதம் இதைப் பாதிவரை எழுதி அவரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அங்கே நான், 'பெற்ற பிள்ளையை ஒரு சுடுசொல் சொல்லாத உத்தமர்' என்று எழுதியிருந்தேன்.

"இத அடி."

"ஏம்ப்பா?"

"ஒன்பதாவதுல பரீட்சைக்குப் போகாம சுத்துனதுக்கு பெல்ட்டால அடிச்சேனே, மறந்துட்டியா? ஒங்கம்மாளையும் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். குடிக்கல, அவ மேல கை நீட்டல. அத மட்டும் எழுது. என்னயப் பெரிய மகானாக்காத, அப்பறம் அதுவும் பாட்டு மாதிரி ஆயிரும்."

அடித்துவிட்டேன். அவர் சொன்னது அத்தனையும் அப்படியே மேலே இருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாட்டு இன்னும் யார் யார் போனிலோ இருக்கிறது. அவர்களுக்கு இதை அனுப்புங்கள், வாசித்துக் காட்டுங்கள். ஆனால் சுருக்காதீர்கள், பின்னால் மியூசிக் போடாதீர்கள். நான் பாவம் என்றோ அவர் தெய்வம் என்றோ ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீர்கள். பொய் என்று நான் எழுதிய இடத்தில் பொய் என்றே இருக்கட்டும்.