கை காட்டினால் போகலாம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் அந்த மலைப்பாதையில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எலும்பு உடைந்திருக்கிறதா இல்லையா என்று காட்டுவதுதான் என் பிழைப்பு. இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் எனக்குச் சோறு கிடையாது. இது என் தம்பிக்கு நடந்தது. அவன் வாயால் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன். நடந்ததற்குக் கை கால் ஒட்டவைத்துக் கதை கட்டுகிற வேலை என்னிடம் கிடையாது.

தம்பி மருந்து கொண்டுபோகும் கம்பெனியில் பைக் ஓட்டுகிறான். அடிவாரத்துக் கிடங்கிலிருந்து மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசி போகவேண்டும். பின்சீட்டில் ஐஸ் பெட்டி. ஐஸ் உருகினால் மருந்து வீண், ஓட்டியவன் வேலையும் போச்சு. அவனோடு சேர்ந்து ஓட்டுகிறவன் வெட்டுக்கிளி. சாலை நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துள்ளல், இந்தப் பக்கம் ஒரு துள்ளல் என்று ஓட்டுவான், அதனால் அந்தப் பெயர். எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு, அதாவது என் தங்கைக்கு, அவனைத்தான் பேசி முடித்திருந்தோம்.

சின்னவள் தினமும் காலையில் வாசலில் நின்று தம்பியிடம் ஒரே பாட்டுப் பாடுவாள்.

"அண்ணா, அவரை முன்னாடி விட்டுடாத. உன் பின்னாடியே வெச்சுக் கூட்டிட்டு வா."

தம்பியும் தலையாட்டுவான். ஆனால் வெட்டுக்கிளியை ஓரிடத்தில் நிறுத்துவது தராசில் தவளையை நிறுக்கிற வேலை. அவனிடம் சொல்லிச் சொல்லித் தம்பிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மலைப்பாதை நெடுகத் தொடர்கோடு. தொடர்கோடு போட்ட இடத்தில் யாரும் யாரையும் முந்தக்கூடாது. முன்னால் லாரி ஆமையாய் ஊர்ந்தாலும் அதன் புகையைக் குடித்துக்கொண்டே போகவேண்டும். மீறினால் செக்போஸ்ட் போக்குவரத்துக் காவலர் கேஸ் எழுதுவார். பையன்கள் அவருக்கு விசில் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் மேல் அத்தனை பேருக்கும் அத்தனை பாசம்.

அன்று மத்தியானத்திலிருந்து தூறல். அடிவாரத்து டீக்கடையில் பைக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். விசிலும் தொப்பியை உதறிக்கொண்டு வந்து நின்றார். பேச்சு வேறு எங்கே போகும், கோட்டுக்குத்தான் போயிற்று.

"கோடு போட்டவன் பைக்ல உக்காந்ததே இல்ல சார்," என்றான் வெட்டுக்கிளி. "லாரி நடந்து போகுது. நாங்க கண் இமைக்கிறதுக்குள்ள தாண்டிருவோம். அதுக்கும் கேஸா?"

"எதிர்ல வர்றது தெரியாத இடத்துலதான்டா கோடு போட்டிருக்கு."

"எங்களுக்குத்தான் தெரியாது. லாரிக்காரன் மேல உக்காந்திருக்கான், அவனுக்குத் தெரியும். அவன் கை காட்டினா போலாம். எங்க சட்டம் அதுதான்."

நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அது பொய்யில்லை. அந்தப் பாதையில் லாரி ஓட்டுகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார்கள். உள்ளங்கையைப் பின்னால் காட்டினால் நில். விரல்களை முன்னால் வீசினால் போ. முந்துகிறவன் போகிற போக்கில் ஒரு கையைத் தூக்கி நன்றி சொல்வான். கோட்டை மதிக்காத பைக்காரனும் அந்தக் கையை மதிப்பான்.

விசில் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தக் கை தப்பாக் காட்டினா? அப்படிக் காட்டினவன் கதி என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதாடா?"

அவ்வளவுதான். வெட்டுக்கிளி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். எந்தப் பேச்சுக்கு இந்தக் கோபம் என்று தம்பிக்கு விளங்கவில்லை. விசில் லத்தியால் அவன் முழங்கையில் ஒன்று போட்டார். அவன் ஹெல்மெட்டைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் கடைக்காரர் வரைக்கும் கேட்டது. அவர் பெஞ்சோடு சாய்ந்தார், கிளாஸ்கள் நொறுங்கின. விழுந்தவரின் விலாவில் மிதித்தான். மறுபடியும் மிதித்தான். தம்பி இடுப்பைப் பிடித்து இழுத்ததற்கு அவனுக்கும் ஒரு இடி, உதடு கிழிந்தது.

"விடுறா. செத்துருவாரு."

"சாகட்டும்."

தம்பி எப்படியோ அவனைப் பிடுங்கிக் கொண்டுவந்து பைக்கில் ஏற்றினான். ஆளுக்கொரு பைக்கில் மலையேறினார்கள். போலீஸ் மேலேயே கை வைத்தாயிற்று, இனிமேல் லைசென்ஸ் எங்கே, கல்யாணம் எங்கே. சின்னவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் தம்பி வழியெல்லாம் நினைத்தானாம். பெட்டியைக் கொடுத்துவிட்டு வெட்டுக்கிளியை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், அவன் பாடு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

நாலே முக்கால் மணிக்கு அந்த லாரி முன்னால் வந்தது. பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கியிருந்தது. காலி கேஸ் சிலிண்டர் ஏற்றிய லாரி. குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் சிலிண்டர்கள் மோதிக்கொண்டன. டங்... டங்... டங்...

வெட்டுக்கிளி முன்னால், தம்பி பின்னால். முறைப்படி அது தலைகீழ். தம்பி ஹாரன் அடித்துப் பார்த்தான். அவன் திரும்பவில்லை.

ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை பின்னால். நில்.

நின்றார்கள். அடுத்த மூச்சில் வளைவிலிருந்து ஒரு பஸ் அலறிக்கொண்டு இறங்கியது. முந்தியிருந்தால் இரண்டு பேரும் கூழ்.

"பாத்தியா மச்சான்," என்று கத்தினான் வெட்டுக்கிளி. "இவன் மனுசன்."

அடுத்த வளைவு. மறுபடியும் உள்ளங்கை. ஒரு ஜீப் கடந்தது.

தம்பிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தான். ஜன்னல் இருக்கவேண்டிய உயரத்தில் அது இல்லை. கீழே, கதவின் நடுவிலிருந்து நீண்டிருந்தது. சட்டைக் கை தெரியவில்லை. இந்தக் குளிரில் வெறுங்கை.

சரி, குட்டையான ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வேறு என்ன நினைப்பான்.

மூன்றாவது வளைவு. கை மெல்லத் திரும்பியது. விரல்கள் முன்னால் வீசின.

போ... போ...

மணிக்கட்டு அசையவில்லை. முழங்கையும் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில்... கை மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

சிலிண்டர் சத்தம் நின்றிருந்தது. லாரி குழியில் ஏறி இறங்குகிறது. சத்தம் மட்டும் இல்லை.

"டேய், போகாத."

வெட்டுக்கிளி கோட்டைத் தாண்டினான். லாரியை ஒட்டி ஏறினான். நன்றி சொல்ல ஒரு கையைத் தூக்கினான்.

லாரியின் ஹாரன் அலறியது. விடாமல் அலறியது.

தம்பியும் கோட்டைத் தாண்டிவிட்டான். அவனைப் பிடித்து இழுக்கத்தான். சின்னவளுக்குச் சொன்ன வாக்கு அவனைத் தள்ளியது.

பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள். பால் டேங்கர்.

வெட்டுக்கிளி கத்தவே இல்லை. நேரம் இருக்கவில்லை.

தம்பி அப்போது ஓட்டுநர் கதவுக்கு நேராக வந்திருந்தான். பிரேக் பிடிக்கவில்லை. பைக் வழுக்கிக்கொண்டு போகிறது.

தோளில் ஒரு பிடி விழுந்தது.

ஐந்து விரல்.

மேலிருந்து.

சீட்டிலிருந்து அப்படியே தூக்கியது. அவனுக்குக் கீழே பைக் தனியாகப் போனது. டேங்கரின் சக்கரத்துக்குள் போனது. அவன் லாரிக் கதவோடு தொங்கிக்கொண்டிருந்தான். தோள் கழன்றது அவனுக்கே கேட்டது.

முகத்துக்கு நேரே கதவு.

இரும்பு.

பிடி விட்டது.

சாலையில் பால் ஓடியது. கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடியது. அப்புறம் வெள்ளையாக இல்லை. வெட்டுக்கிளியின் ஹெல்மெட் தம்பி பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவன் இன்றைக்கும் தூக்கத்தில் அதைச் சொல்லி எழுந்துகொள்கிறான்.

என் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். தம்பியின் தோளை நானே படம் எடுத்தேன். அதைப் பார்த்த எலும்பு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"பைக்ல இருந்து விழுந்தானா, இல்ல யாராவது தூக்கினாங்களா?"

விழுகிறவனின் தோள் முன்னால் நழுவும், கீழே இறங்கும். அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது மேல்நோக்கிப் பிடுங்கியிருந்தது. தோளில் ஐந்து கறுப்புத் தடங்கள்.

லாரி ஓட்டுநருக்கு நெற்றியில் கண்ணாடிச் சில்லு. பக்கத்து அறையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நேரே போய்க் கேட்டேன், மரியாதையெல்லாம் பார்க்கவில்லை.

"எதுக்குய்யா கை காட்டின?"

"நான் காட்டலம்மா. முன்பக்கம் மாட்டின கண்ணாடியில பாத்துட்டு ஹாரன்தான் அடிச்சேன்." அவர் அழுதார். "என் கதவுல ஜன்னல் ஏதும்மா, கைய வெளியே விடுறதுக்கு?"

மறுநாள் செக்போஸ்ட் போய் லாரியைப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவில் ஜன்னல் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே இரும்புத் தகடு, சுற்றிலும் வெல்டிங். விசில் வந்து பக்கத்தில் நின்றார். மூக்கில் கட்டு. விலாவைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"முன்னால இதே லாரிய ஓட்டினவர் ஒருத்தர். பைக் பசங்களுக்கு நல்லாக் கை காட்டுவாரு. ஒரு நாள் தப்பிப்போச்சு. அவரு போன்னு காட்ட, பையன் போக, எதிர்ல ஒரு பஸ். பையன் ஸ்பாட்லயே போய்ட்டான். கூட வந்த அஞ்சு பேரு லாரிய மறிச்சாங்க."

அவர் கதவுத் தகட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஜன்னல் வழியாக் கைய வெளியே இழுத்து, முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வீல் ஸ்பேனரால அடிச்சிருக்காங்க. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல. கை தொங்கினப்புறமும் அடிச்சாங்க. ரத்தம் போயே செத்தாரு. பாத்தவங்க யாரும் சாட்சி சொல்ல வரல, அஞ்சு பேரையும் விட்டுட்டாங்க."

"ஜன்னல்?"

"கண்ணாடி தானா இறங்குதாம். எத்தனை தடவை ஏத்தினாலும் இறங்குதாம். அதான் முதலாளி தகடு வெச்சு அடைச்சுட்டாரு."

விசில் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்த அஞ்சு பேருல ரெண்டு பேரு போன வருஷம் அதே வளைவுல போய்ட்டாங்க. ரெண்டும் முந்துறப்போ. கைய இழுத்துப் பிடிச்சவன் நேத்து போனான். உங்க வீட்டு மாப்பிள்ளை. மிச்சம் ரெண்டு பேரு, அதுல ஸ்பேனர் புடிச்சவன் மலைமேல டயர்க்கடை வெச்சிருக்கான்."

என் தம்பி அந்த ஐந்தில் இல்லை. அப்போது அவனுக்கு லைசென்ஸ் வாங்குகிற வயதே ஆகவில்லை.

வெட்டுக்கிளியை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். சின்னவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, அவர் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைத்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சாயங்காலம் புறப்பட்டவர்களில் ஒருவன் கை கூப்பி, மலைமேல் டயர்க்கடை வைத்திருப்பதாகச் சொன்னான். நல்ல உயரம். அழுது கண் சிவந்திருந்தது. நான் பின்னாலேயே வாசலுக்கு ஓடினேன்.

"தம்பி, பைக்ல போகாத. பஸ்ஸைப் புடிச்சுப் போ. அப்படியே போனாலும் லாரியை மட்டும் முந்தாத."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே என்னைத் தேற்றுவதுபோல் பேசினான்.

"பயப்படாதீங்கக்கா. நான் அவன மாதிரி அவசரக்காரன் இல்ல. லாரிக்காரன் கை காட்டாம தாண்டவே மாட்டேன்."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் மலைப் பக்கம் திரும்பிவிட்டான்.