உறவுமுறை: பெரியம்மா

கணவர் போனபின் தனியாக இருக்க முடியாமல் நான் மஸ்கட்டில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போவதாக எங்கள் காரமடையில் பேச்சு. தவறு. ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க, சம்பளத்துக்குப் போகிறேன்.

இன்று காந்திபுரத்தில் ஏஜென்ட் நீட்டிய விண்ணப்பத்தில் சுற்றுலா விசா என்றிருந்தது. உறவுமுறை: பெரியம்மா.

"ஏனுங்க, அவங்க எனக்குச் சொந்தமே இல்லையே?" என்றேன்.

"எல்லாரும் உங்களைப் பெரியம்மான்னுதானுங்களே கூப்புடறாங்க! வேலை விசான்னா இழுக்குமுங்க. அவங்களே இப்படித்தான் போடச் சொன்னாங்க."

"கூப்புடட்டுங்க. அதுக்காகப் பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

பெரியம்மாவை அடித்துவிட்டு 'ஆசிரியை' என்று எழுதினேன். ஏஜென்ட் நிரப்பியிருந்த ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள், அவற்றையும் திருத்தினேன்.

மஸ்கட் குடும்பத்தாரே, இந்த முகநூல் பதிவை நீங்களும் படிப்பீர்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நான்தான். வேலை விசா எடுப்பீர்களா, மாட்டீர்களா? எழுத்தில் பதில் தாருங்கள்.